சாய்த்துப் பார்த்தால் பெருக்கல் குறி

சூப்பர்வைசர் ரஹ்மத் சார் அந்த ஷூ லைனிங் துண்டை டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். வெளிர் மஞ்சள் தோல். அதன் மேல் சுண்டு விரல் நகம் அளவுக்கு, வெள்ளி மையில் இரண்டு சின்னக் கோடுகள், ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு.

அவர் கையில் துண்டு சாய்ந்திருந்தது. அதனால் அது பெருக்கல் குறியாகத் தெரிந்தது. நான் மனதுக்குள் அதை நிமிர்த்திப் பார்த்தேன். சிலுவையாக இருந்தது.

"யாரும்மா போட்டது இது?" என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும். திட்டு வாங்கினால் அழலாம். அழுதால் கேட்டவர்களுக்கே பாதிக் கேள்வி மறந்துபோகும்.

கன்வேயர் நின்றிருந்தது. தையல் மெஷின்கள் அத்தனையும் ஓய்ந்தால் அந்த ஹால் எவ்வளவு பெரியது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. தலைக்கு மேல் மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. கோடு போடும் மார்க்கிங் மேசையில் நாங்கள் இரண்டு பேர்தான். ஒன்று நான். இன்னொன்று மல்லிகாக்கா.

ஆம்பூர் ஷூ கம்பெனி நாட்களை இந்தப் பக்கங்களில் எழுதத் தொடங்கியதிலிருந்து இந்த ஒரு காட்சியைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வருகிறேன். கேன்டீன் சாம்பாரைப் பற்றி ஒரு வாரம் முழுக்க எழுதினேன். போன வாரம் குடோனில் குட்டி போட்ட பூனை. இனி எழுத வேறொன்றும் மிச்சமில்லை. ஆனாலும் நேராக வரமாட்டேன், கொஞ்சம் சுற்றித்தான் வருவேன். என் புத்தி அப்படி.

வெள்ளி மை

ஷூவின் மேல்பாகத்தை அங்கே அப்பர் என்பார்கள். அதன் உள்ளே கொடுக்கும் மெல்லிய தோல் லைனிங். வெட்டிய துண்டுகள் முதலில் எங்கள் மேசைக்கு வரும். எங்கே ஊசி ஓட வேண்டும் என்று சில்வர் பேனாவால் கோடு போட்டு அனுப்புவோம். தைத்து முடித்த பிறகு துணியால் துடைத்தால் கோடு போய்விடும். எங்கள் விரலில் ஒட்டிய வெள்ளி மட்டும் போகாது. சோறு பிசையும்போதும் மினுங்கும்.

சரக்கைச் சோதிக்கும் செக்கிங் மேசையிலும் அதே பேனாதான். அவர்கள் வட்டம் போட்டால் ரிப்பேர். பெருக்கல் போட்டால் ரிஜெக்ட். ரிஜெக்ட் ஆன தோலைக் கத்தியால் குறுக்கே கிழித்துவிடுவார்கள். தப்பித் தவறிக்கூட அது திரும்பவும் நல்ல சரக்கில் கலந்துவிடக் கூடாது அல்லவா.

எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. காலையில் கைக்கு வரும் முதல் ஜோடி லைனிங்கின் உள்பக்கத்தில், ஓரமாக ஒரு குட்டிச் சிலுவை போடுவேன். அப்பரோடு ஒட்டித் தைத்ததும் அது உள்ளே மறைந்துவிடும். யாருக்கும் தெரியாது. ஏதோ ஒரு குளிர் தேசத்தில் யாரோ ஒருவர் என் ஜெபத்தைக் காலில் போட்டுக்கொண்டு நடப்பார் என்று நினைத்துக்கொள்வேன். அவர் பால் வாங்கப் போவார். கூடவே ஒரு நாய் போகும். பனியில் அவர்கள் போன தடம் மட்டும் கிடக்கும். இதையெல்லாம் யோசித்துக்கொண்டே அடுத்த பண்டலுக்குக் கோடு போடத் தொடங்கிவிடுவேன்.

ஒரு நாள் மல்லிகாக்கா பார்த்துவிட்டாள்.

"அடிப்பாவி, கால்ல போடறதுலயாடி சாமி குறி போடுவ?"

"எங்க ஆண்டவரு அடுத்தவங்க காலயே கழுவினவருக்கா."

"ஏன், அவருக்கு வேற வேல இல்லயா?" என்றாள் அவள். ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. அது எனக்கு அப்போது ஆச்சரியமாக இருந்தது. சொல்லாமல் வைத்துக்கொள்வது அவள் சுபாவமே இல்லை.

மூன்று பெயர்கள்

வீட்டில் நான் செல்வி. ஞானஸ்நானம் எடுத்தபோது எஸ்தர் ஆனேன். கம்பெனியில் என் பெயர் தோத்திரம்.

இந்த மூன்றாவது பெயரை வைத்தவள் மல்லிகாக்காதான். காவேரிப்பாக்கத்தில் பிறந்து ஆம்பூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். அவள் வாயைத் திறந்தால் பக்கத்து லைனும் சேர்ந்து சிரிக்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அது. சாப்பாட்டு நேரத்தில் மட்டும்தான் போனைக் கையில் தருவார்கள். தந்த உடனே என் போன் அடித்தது. எங்கள் ஊர்ச் சபையின் பாஸ்டரம்மா பேசினார். சபைக்காரர்கள் ஹலோ சொல்வதில்லை. நானும் வழக்கப்படி, "ஸ்தோத்திரம்மா" என்றேன். அந்த நேரம் பார்த்து கேன்டீனில் எல்லார் வாயிலும் சோறு இருந்திருக்க வேண்டும். அவ்வளவு அமைதி.

"யாருடி அது, போன்ல தோத்திரம் பண்றது?" என்றாள் மல்லிகாக்கா. அவ்வளவுதான். அன்று சாயங்காலத்துக்குள் செல்வி என்ற பெயர் கழுத்தில் தொங்கிய அட்டையில் மட்டும்தான் மிஞ்சியது.

அதற்குப் பிறகு அவள் ஒரு நாளும் விட்டதில்லை. கரன்ட் போனால், "ஏ தோத்திரம், உங்க ஆளுகிட்ட சொல்லி லைட்டு போடச் சொல்லு." நான் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன் என்று தெரிந்தால், "இன்னா, உங்க ஏசு உனக்கு சீட்டு புடிச்சி வெக்கலயா?" சாப்பிடும் முன் நான் கண்ணை மூடினால், "தூங்கிட்சி பாரு, எழுப்பாதீங்க." யாராவது எனக்காகப் பரிந்து பேசினால் இன்னும் மோசம். "நான்கூடத்தான் விரிஞ்சிபுரம் கோயிலுக்கு வேண்டிக்கினேன். கம்முனு வேண்டிக்கினு கம்முனு வந்துட்டேன். இவள மாதிரி ஊருக்கே போன் போட்டா சொன்னேன்?"

எல்லாரும் சிரிப்பார்கள். சில சமயம் நானும் சிரித்துவிடுவேன். அவள் சொல்லும் விதம் அப்படி. திரும்பிப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் வலிக்கத் தொடங்கும்.

வீட்டில் கேலி வேறு மாதிரி. "சபையில சேந்ததுக்கு பால் பவுடர் எத்தினி டப்பா குடுத்தாங்க?" என்பான் அண்ணன். அம்மா புதுப் பொட்டு அட்டை ஒன்றை வாங்கி, நான் தலை சீவும் கண்ணாடியின் ஓரத்தில் செருகி வைப்பாள். நான் அதைத் தொடாமல் கிளம்புவேன். அடுத்த மாதம் இன்னொரு அட்டை இருக்கும். அண்ணனின் வாயைவிட அந்தப் பொட்டு அட்டைதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

மூக்கால் இழுத்த ஜெபம்

உண்மையைச் சொன்னால், எங்கள் ஊரில் இந்தக் கேலியைத் தொடங்கி வைத்தவளே நான்தான்.

ஆலங்காயத்துக்குப் பக்கத்தில், மலை அடிவாரத்தில் எங்கள் ஊர். ஊர்க் கோடியில் தகரக் கூரை போட்ட ஒரு ஜெப வீடு வந்தது. பாஸ்டரம்மா ஜெபம் செய்தால் தெருமுனை வரை கேட்கும். ஒவ்வொரு வரியையும் மூக்கால் இழுத்து, கடைசி வார்த்தையில் குரலைக் குலுக்கி முடிப்பார். ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது, நான் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு அதை அப்படியே செய்து காட்டுவேன். பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். ஒரு முறை செய்து முடித்துக் கண்ணைத் திறந்தால், வரிசையின் கடைசியில் பாஸ்டரம்மாவே பையோடு நிற்கிறார். தன் முறை வந்ததும் அரிசியை வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த வருடம் அப்பாவை வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். ஒரு மத்தியானம் வராந்தாவில் நான் மட்டும் இருந்தேன். அப்பா இருந்த அறைக்குள் திடீரென்று நர்சுகள் ஓடினார்கள். எனக்கு எங்கள் குலதெய்வத்தின் பெயர்கூட நாக்கில் வரவில்லை. மனப்பாடமாகத் தெரிந்த ஒரே ஜெபம் பாஸ்டரம்மாவின் ஜெபம்தான். கேலிக்காக வரி வரியாகக் கற்றுக்கொண்டது. அதையே சொன்னேன். மூக்கால் இழுத்து, கடைசி வார்த்தையைக் குலுக்கி, அப்படியே. வேறு மாதிரி சொல்ல எனக்குத் தெரியாது.

பாதியில் எங்கோ அது நடிப்பாக இல்லாமல் போயிற்று. எந்த வரியில் என்று கேட்காதீர்கள். ஜன்னல் வெயில் மெல்ல நகர்ந்து என் பாதத்தின் மேல் வந்து உட்கார்ந்தது. ஃபினாயில் வாசனைக்கு நடுவே, யாரோ எங்கோ ஆரஞ்சுப் பழம் உரிக்கும் வாசனை வந்தது. நான் தனியாக இல்லை என்று தெரிந்தது. அது மட்டும்தான் தெரிந்தது.

அப்பா பிழைக்கவில்லை. "பொழைக்க வெக்காத சாமிகிட்ட எதுக்குடி போற?" என்று அண்ணன் கேட்டான். நியாயமான கேள்வி. ஆனால் அந்த அரை மணி நேரம் நடக்கவே இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதனால் போனேன்.

பனி பஸ்

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

மார்கழியாக இருக்கலாம், தையாக இருக்கலாம். பனி இருந்தது. கம்பெனி பஸ் விடியும் நேரத்தில் எங்கள் ஊருக்கு வரும். மலையிலிருந்து இறங்கிய பனி புளிய மரங்களுக்கு நடுவே நகராமல் நிற்கும். பஸ்ஸில் ஏறினால் ஈரத் தலைகளின் வாசனை, டப்பாவில் கட்டிய சோற்றின் வாசனை, சீட்டில் ஊறிப்போன ஒட்டுப் பசையின் வாசனை. பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்குவார்கள். யார் தோள் என்று யாரும் பார்ப்பதில்லை.

அன்று என் தலை கண்ணாடியில் இடித்துக்கொண்டே வந்தது. நான் ஆண்டவரிடம் பர்மனென்ட் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த வாரம் வேலை நிரந்தரம் ஆகிறவர்களின் லிஸ்ட் போடப் போவதாகப் பேச்சு. என் பெயரும் அதில் இருக்கிறது என்று ரஹ்மத் சாரே சொல்லியிருந்தார். பர்மனென்ட் ஆகிவிட்டால் அண்ணன் வாயை மூடுவான் என்று ஒரு நப்பாசை. "பாத்தியா, என் ஆண்டவர் குடுத்தார்" என்று ஒரு முறையாவது அவன் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும்.

பாதி ஜெபம், பாதி தூக்கம். தூக்கத்தில் ஒரு பெரிய வெள்ளை ஹால் வந்தது. அதில் யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். மூன்று பெயர்களில் எந்தப் பெயர் என்று மட்டும் காதில் விழவில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கியது, அட்டையைக் காட்டியது, மேசையில் உட்கார்ந்து பேனாவை எடுத்தது, எல்லாம் நினைவிருக்கிறது. விழித்தது மட்டும் நினைவில் இல்லை. கன்வேயரின் உறுமலும் பஸ்ஸின் உறுமலும் ஒன்றாகவே கேட்டன. முதல் ஜோடியில் சிலுவை போட்டேன். ஜெபம் நிற்கவில்லை, கையும் நிற்கவில்லை.

ஒரு பண்டல் முழுக்கப் போட்டிருக்கிறேன். பன்னிரண்டு ஜோடி. அதுவும் உள்பக்கத்தில் இல்லை, வெளியே தெரியும் பக்கத்தில்.

அந்தப் பண்டல் என் கையை விட்டுப் போய், வழியில் எங்கோ சாய்ந்து கிடந்தது. சாய்ந்த சிலுவை பெருக்கல் ஆகிவிட்டது. பார்த்தவர்கள் செக்கிங்கில் கழித்த தோல் என்று நினைத்து ரிஜெக்ட் பெட்டியில் போட்டார்கள். கத்தி வைத்திருந்தவர் தன் வேலையைச் செய்தார். டீ நேரத்துக்குள் ஒன்றைத் தவிர அத்தனை துண்டுகளும் குறுக்கே கிழிந்து கிடந்தன. அந்த நிறத்தில் குடோனில் வேறு தோல் இல்லை. அந்த வாரமே கன்டெய்னரில் ஏற வேண்டிய ஆர்டர். கிழியாமல் தப்பியது, ரஹ்மத் சார் கையில் இருந்த அந்த ஒரு துண்டுதான்.

ஒரு பெயர்

"நல்ல தோலுக்கு யாரும்மா பெருக்கல் போட்டது?" என்று ரஹ்மத் சார் இரண்டாம் முறை கேட்டார். "மேனேஜருக்கு நான் இன்னா பதில் சொல்றது? ஒரு பேரு குடுக்கணும்மா."

மல்லிகாக்காவுக்கு ஏற்கெனவே இரண்டு மெமோ இருந்தது. லேட்டாக வந்ததற்கு. அவள் வீட்டுக்காரர் மாடிப்படியில் விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்திருந்தார். அவரைக் கழுவித் துடைத்துச் சோறு ஊட்டிவிட்டு வர நேரமாகும். மூன்றாவது மெமோ என்றால் வேலை போய்விடும் என்பது எல்லாருக்கும் தெரியும். ரஹ்மத் சாரின் பார்வை அவள் பக்கமே இருந்தது. என் பக்கம் திரும்பவே இல்லை. என் மேல் அவ்வளவு நம்பிக்கை.

அப்போது என் மனது செய்த வேலையை எழுத வெட்கமாக இருக்கிறது. நான்தான் என்று சொன்னால் ஏன் போட்டாய் என்பார்கள். ஜெபம் என்று சொல்ல வேண்டும். ஹாலே சிரிக்கும். ஜெபம் பண்ணிக் கம்பெனித் தோலைக் கெடுத்தாள் என்று காலத்துக்கும் சொல்லிக் காட்டுவார்கள். ஆண்டவர் பெயருக்கே அசிங்கம். ஆகவே ஆண்டவர் பெயரைக் காப்பாற்ற ஒரு சின்னப் பொய் சொல்லலாம் என்று முடிவு செய்தேன். பர்மனென்ட் லிஸ்டை அந்த நேரத்தில் நான் நினைக்கவே இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய்தான்.

"தெரியலயே சார்" என்ற பதில் வாய்க்குள் தயாராக இருந்தது. முதல் எழுத்துக்கு நாக்கு பல்லைத் தொட்டுவிட்டது.

அப்போது மல்லிகாக்கா பேசினாள்.

"என்ன ஏன் சார் பாக்கறீங்க? நான் இல்லன்னா நம்பவா போறீங்க? தோத்திரத்தக் கேளுங்க. அவ பொய் சொல்ல மாட்டா."

யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பெயரை அவள் அதுவரை எத்தனையோ முறை சொல்லியிருப்பாள். ஒரு முறைகூட அப்படிச் சொன்னதில்லை. ஹாலின் சுவர்கள் வெளுத்துக்கொண்டே தள்ளிப் போவதுபோல் இருந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கேலி செய்யும் கண்கள் எனக்குப் பழக்கம். நான் எதைச் சொன்னாலும் நம்பிவிடப் போகிற கண்களை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். எனக்குப் பயமாக இருந்தது.

"நான்தான் சார் போட்டேன்" என்றேன். "அது பெருக்கல் இல்ல சார், சிலுவ. ஜெபம் பண்ணிக்கினே போட்டுட்டேன். கவனிக்கல."

ரஹ்மத் சார் கையிலிருந்த துண்டை மெல்லத் திருப்பி நிமிர்த்தினார். அவர் ஐந்து வேளைத் தொழுகையையும் தவறவிடாத மனிதர்.

"தொழுவற நேரத்துல தொழுவணும், வேல நேரத்துல வேலய பாக்கணும்மா" என்றார். துண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனார்.

லிஸ்ட் வந்தபோது என் பெயர் இல்லை. என்னை நூல் வெட்டும் மேசைக்கு மாற்றினார்கள். விஷயம் பஸ் மூலமாக ஊருக்கும் போய்ச் சேர்ந்தது. "உங்க சாமி நல்லாத்தான் வேல வாங்கிக் குடுத்துது" என்றான் அண்ணன்.

சிரிப்பு மட்டும் நான் ஒப்புக்கொண்ட அன்று மத்தியானமே வந்துவிட்டது. வராமல் இருக்குமா? "ஏசு ரிஜெக்ட் பண்ணிட்டாரு" என்றாள் ஒருத்தி. "இனிமே இவ கையில பேனா குடுக்காதீங்க, கம்பெனிய கல்லறத் தோட்டமா ஆக்கிடுவா" என்றாள் மல்லிகாக்கா. கேன்டீன் அதிர்ந்தது. நான் அன்றும் கண்ணை மூடி ஜெபித்துவிட்டுத்தான் சாப்பிட்டேன். அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் மூடிய கண்ணுக்குள் நான் ஒளிக்க வேண்டியது எதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சபையில் இதைச் சாட்சியாகச் சொல்லச் சொன்னார் பாஸ்டரம்மா. கேலிக்குப் பயப்படாமல் விசுவாசத்தில் நின்றேன் என்று சொல்ல வேண்டுமாம். எனக்கு வாய் வரவில்லை, மறுத்துவிட்டேன். அதற்குக் காரணம், சம்பவம் நடந்த அன்று சாயங்காலம் வாசலில் நாங்கள் பேசிய நாலு வார்த்தை.

வாசலில்

வேலை விட்டு வெளியே வந்தோம். பாலாற்றுப் பக்கம் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. காற்றில் தோல் வாசனையும் யாரோ சுடும் சோளத்தின் வாசனையும் கலந்து வந்தன. மல்லிகாக்கா காம்பவுண்டு சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

"யக்கா, நான் குறி போடறது உனக்குத் தெரியும் இல்ல? இவதான் போட்டான்னு நீயே சார்கிட்ட சொல்லிருக்கலாமே."

"சொல்லிருக்கலாம்" என்றாள், நிமிராமல்.

"நான் தெரியாதுன்னு சொல்ல இருந்தேங்க்கா." ஹாலில் எல்லார் முன்னாலும் சொன்னதைவிட இதைச் சொல்வது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"தெரியும்டி. உன் மூஞ்சியத்தான பாத்துக்கினு இருந்தேன்."

"அப்ப எதுக்குக்கா நான் பொய் சொல்ல மாட்டேன்னு சொன்ன?"

அவள் வாரை இழுத்து மாட்டிக்கொண்டு நிமிர்ந்தாள். பையைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"நீ சொல்லக் கூடாதுன்னுதான்" என்று சொல்லிவிட்டு பஜார் பக்கம் நடந்தாள்.